கட்டுத்தாரையில் ஒரு ராத்திரி!

மாட்டுக் கொட்டகையில படுத்துத் தூங்க ஒரு ராத்திரிக்கு ஐயாயிரம் ரூபாய் கேட்டா நீங்க என்ன சொல்வீங்க? 'போய்யா லூஸு!'ன்னுதானே? நானும் அதைத்தான் சொன்னேன். 'அசைன்மென்ட்ப்பா... காசு ஆபீஸ் தரும்'னு சொன்னாங்க. அடுத்த செகண்ட் பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டேன். மெக்கானிக்கல் மூணாம் வருஷம். ஹாஸ்டல் உப்புமாகிட்ட இருந்து ரெண்டு வேளை தப்பிச்சாலே நமக்கு லாபம் பாஸ்!

திருப்பூர்ல காங்கேயம் பஸ் ஏறினா, முதல் கொஞ்ச தூரத்துக்கு ஜன்னல் முழுக்க பனியன் கம்பெனிதான். 'டைலர் தேவை', 'செக்கிங் ஆட்கள் தேவை'ன்னு போர்டு போர்டா ஓடும். அப்புறம் சட்டுனு சீன் மாறும். செம்மண், சரளை, கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம். 'வெறும் பொட்டக்காடு'ன்னு நினைச்சு செல்போனை நோண்ட ஆரம்பிச்சுடாதீங்க. இதுக்குப் பேரு கொறங்காடு. மழை கம்மியான இந்த மண்ணுல கொழுக்கட்டைப் புல்லை வளர்த்து, வேலி போட்டுக் காட்டைப் பிரிச்சு வெச்சிருக்காங்க. ஒரு காட்டுல மேய்ஞ்சு முடிச்சதும் மாடுங்களை அடுத்த காட்டுக்கு மாத்திடுவாங்க. முதல் காட்டுல புல் மறுபடி தழைக்க அதுதான் ரெஸ்ட் டைம். சூப்பர் மேனேஜ்மென்ட்!

காங்கேயம் மாடுங்க இந்தக் காட்டோட புள்ளைங்க. கன்னுக்குட்டி பொறக்கும்போது செவலையா இருக்கும். ஆறு மாசம் போனா சாம்பல் கலருக்கு மாறிடும். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துல நாம தொண்டை கிழியக் கத்தினோமே, அதுல அடிக்கடி கேட்ட பேரு இந்த இனம்தான். இதைக் காப்பாத்துறதுக்குன்னே குட்டப்பாளையத்துல சேனாபதி காங்கேயம் மாடு ஆராய்ச்சி மையம் இயங்குது.

நான் தங்கின இடத்தோட பேரைக் கேக்குறீங்களா? 'பேரு வேண்டாம் தம்பி, ஏழே ரூம்தான் இருக்குது, கூட்டம் வந்தா தாங்காது'ன்னு ஓனர் அக்கா சொல்லிட்டாங்க. அவங்க அப்பாரு காலத்துத் தோட்டம் இது. குடும்பம் பனியன் தொழிலுக்குப் போனதும் வருஷக்கணக்கா பூட்டியே கிடந்துச்சாம். இப்போ நடுவுல இருக்கிற ஓட்டுச் சாளையில மூணு ரூம். புகையிலை காயப்போட்ட குடோன்ல ரெண்டு. கட்டுத்தாரையில ரெண்டு. (வெளியூர் மக்களுக்கு: சாளைன்னா தோட்டத்து வீடு, கட்டுத்தாரைன்னா மாட்டுத் தொழுவம்.)

பின்னாடி ஒரு பெரிய கிணறு. அதை ஒட்டி நீளமா ஒரு சரிவு. 'இதுதான் தம்பி கவலை'ன்னு அக்கா காட்டினாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரே கவலை ரெண்டு அரியர்தான்! விளக்கினதும்தான் புரிஞ்சுது. ரெண்டு மாடும் கயித்தை இழுத்துக்கிட்டு சரிவுல இறங்கினா, சால் தண்ணியோட மேலே வரும். அதே மாடுங்க பின்பக்கமாவே நடந்து மேலே ஏறினா, சால் மறுபடி கிணத்துக்குள்ள போகும். நாள் முழுக்க மாட்டுக்கு ரிவர்ஸ் கியர்! கரன்ட் மோட்டார் வந்ததும் கவலை ஓய்ஞ்சுது. இப்போ அந்தச் சரிவுல நாலு கல் பெஞ்ச்.

ராத்திரிக்குக் கம்பஞ்சோறும் கொள்ளுப் பருப்பும். மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டேன், வெளியில சொல்லிடாதீங்க.

இப்போ ஒரு இன்ஜினீயரிங் சந்தேகம். வெளியில வெயில் கொளுத்துது. ஆனா சாளைக்குள்ள மதியம் ரெண்டு மணிக்கும் ஜில்லுனு இருக்கு, வெறும் ஃபேன்தான். கட்டுத்தாரை ரூம்ல மட்டும் ஏசி இல்லாம உக்கார முடியல. ஏன்? ஹீட் ட்ரான்ஸ்ஃபர்ல அரியர் வெச்சவன் சொல்றேன், கேளுங்க. சாளையோட சுவர் முக்கால் முழத்துக்கு மேல தடிமன், சுண்ணாம்புப் பூச்சு. பகல்ல அடிக்கிற சூடு அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சுடும். கட்டுத்தாரை கதையே வேற. மாட்டுக்குக் காத்து வேணும்னு அதைப் பாதிச் சுவரோடதான் கட்டியிருக்காங்க. மீதிப் பாதியை இப்போ கண்ணாடி போட்டு அடைச்சாச்சு. வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. பின்னாடி எட்டு மாடுங்களுக்குக் கட்டின புதுக் கொட்டகையில காத்து பிச்சிக்கிட்டுப் போகுது. ஆக, ஐயாயிரம் கொடுத்த என்னைவிட மாட்டுக்குத்தான் பெட்டர் ரூம்!

பண்ணை வீட்டுல விருந்தாளியைத் தங்க வைக்கிறது உலகத்துக்குப் புதுசு இல்ல. இத்தாலியில 1985லயே இதுக்குத் தனிச் சட்டம் வந்தாச்சு. விவசாயம்தான் முதல்ல, விருந்தாளி ரெண்டாவதுதான்கிறது அதோட அடிப்படை. விவசாயமே பண்ணாம பண்ணை ஹோட்டல்னு போர்டு மாட்ட முடியாது. நம்ம நாட்டுல மகாராஷ்டிராவோட பாராமதியில 2005ல வேளாண் சுற்றுலாவை ஒரு அமைப்பாவே ஆரம்பிச்சாங்க. 'எட்டு மாட்டை வெச்சுக்கிட்டு நானும் அந்த லிஸ்ட்ல சேந்துக்கலாமுங்களா?'ன்னு அக்கா சிரிக்கிறாங்க.

இதுவரைக்கும் ஜாலி. காலையில நடந்ததுதான் மேட்டர்.

ஆறு மணிக்குக் காபி கொண்டுவந்தாங்க ஒரு பாட்டி. வயசு எழுபதை ஒட்டி இருக்கும். இடுப்புல சாவிக் கொத்து. திண்ணையில உக்காந்திருந்த நான், 'உக்காருங்க பாட்டி'ன்னேன். கொஞ்சம் யோசிச்சுட்டு ஓரமா உக்காந்தாங்க.

'நீங்க தூங்குன கட்டுத்தாரையிலதான் கண்ணு நான் சின்னப் புள்ளையில சாணி வழிச்சேன். எங்கப்பன் இங்க பண்ணையத்தாளுங்க.'

'அப்போ இந்த வீட்டைப் பத்தி எல்லாமே உங்களுக்குத் தெரியும்!'

'வூட்டைப் பத்தி எனக்கென்ன கண்ணு தெரியும்? இந்தத் திண்ணையில ஏற முடியாதுங்க அப்பல்லாம். கட்டுத்தாரையோரம் நின்னுதான் சோறு வாங்கிக்கோணும். ஏழு ரூம்புச் சாவியும் இப்ப எங்கிட்டத்தான் இருக்குது.'

சொல்லிட்டு, சாவிக் கொத்தை ஒரு தடவை ஆட்டிக் காட்டினாங்க. அப்புறம் சொன்னதை என்னால மறக்க முடியல.

'வர்றவங்க எல்லாம் பழையபடியே இருக்குதுன்னு போட்டோ புடிக்கிறாங்க. வூடு மட்டும் பழசா இருந்தாப் போதுஞ் சாமி. மத்தது பழையபடி வேண்டாம்.'

முந்தின நாள் சாயங்காலம் நானும் நாப்பது போட்டோ எடுத்திருந்தேன்.

எங்களுக்கும் ஒரு சாளை இருக்கு ஃப்ரெண்ட்ஸ். நொய்யல் கரையில, ஒரத்துப்பாளையம் பக்கம். 1992ல அங்கே அணை கட்டினாங்க, பாசனத்துக்காக. திருப்பூர் சாயப்பட்டறைத் தண்ணி வந்து அதுல தேங்குச்சு. எங்க கிணறு உப்பாச்சு. தென்னை காய்ஞ்சுது. அப்பா பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். கழிவைத் துளிகூட வெளியில விடக் கூடாதுங்கறதைப் பட்டறைங்க மதிக்கலைன்னு 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் அதையெல்லாம் மூடச் சொல்லுச்சு. அப்புறம் சுத்திகரிப்பு பண்ணின பட்டறைங்கதான் படிப்படியா ஓட ஆரம்பிச்சுது. ஆனா எங்க சாளைப் பூட்டு திறக்கவே இல்ல. இப்போ குடோன் கட்ட ஒரு பார்ட்டி விலை கேக்குது. வித்துடலாம்கிறார் அப்பா. முடியாதுங்கறார் அப்பாரு. நான் ரெண்டு பேர் பக்கமும் தலையாட்டிட்டு இருந்தேன்.

கட்டுத்தாரை வாசல்லயே நின்னு அப்பாருக்கு போன் போட்டேன். 'சாளையை விக்க வேண்டாம் அப்பாரு, ஏதாவது பண்ணலாம்'னேன். அவருக்கு செம சந்தோஷம். அடுத்ததா ஒண்ணு கேட்டேன்.

'நம்ம கட்டுத்தாரையில சாணி வழிச்சது யாரு அப்பாரு? அவங்க பேரு என்ன?'

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு பார்த்தேன். அப்புறம் மெதுவா ஒரு பேரைச் சொன்னார். இருபது வருஷமா எங்க வீட்டுல நான் கேட்டிராத பேரு. அவங்க பையன் இப்போ திருப்பூர்ல கட்டிங் மாஸ்டராம்.

'என்ன கண்ணு திடீர்னு?'

'சாளையைத் திறந்தா முதல்ல அவங்களைக் கூப்பிடணும் அப்பாரு. திண்ணைக்கு.'

'ம்'னார். அந்த 'ம்'முக்கு அர்த்தம் இன்னும் எனக்குப் பிடிபடல. வர்ற ஞாயித்துக்கிழமை நேர்லயே போய்க் கேக்கப் போறேன்.

சரி, உங்க ஊர்லயும் பூட்டிக் கிடக்கிற வீடு ஒண்ணு இருக்குமே? அடுத்த லீவுக்குப் போய்த் திறந்து பாருங்க. போட்டோ தாராளமா எடுங்க. அப்படியே, அங்கே யார் திண்ணையில உக்காந்தாங்க, யார் வெளியில நின்னாங்கன்னும் கேட்டுட்டு வாங்க!