ஏணி வாங்கலியோ ஏணி!

பி.காம் படிக்கிறவன் ஏணியைப் பத்தி எழுதினா "உனக்கு வேற வேலையே இல்லையா"ன்னு கேட்பீங்க. பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கிற வாரத்துல எழுதாம வேற எப்ப எழுதறதாம்? நம்ம வீடுகள்ல ஏணிங்கறது பெயின்ட்டர் கொண்டு வர்ற சாமான். நமக்குத்தான் இருக்கவே இருக்கே பிளாஸ்டிக் நாற்காலி. எட்டலையா, அதுக்கு மேல ஒரு முக்காலி!

எங்க பெரியம்மா அப்படித்தான் ஃபேன் துடைக்க ஏறினாங்க. விழறப்ப தன்னால கையைத்தான் ஊனுவோம். மணிக்கட்டு உடைஞ்சு ஆறு வாரம் மாவுக்கட்டு. தோசையெல்லாம் பெரியப்பா சுட்டாரு (அது தனிக் கதை). அந்த ஆஸ்பத்திரி செலவுக்கு ரெண்டு மடக்கு ஏணி வாங்கியிருக்கலாம். அதுக்கப்புறம்தான் எங்க அப்பா ஏணியை 'செலவு' கணக்குலேர்ந்து 'சொத்து' கணக்குக்கு மாத்தினாரு :-)

வாங்கினா மட்டும் போதாது. முழுசா விரிச்சு, நடுவுல இருக்கிற கம்பியை அழுத்திப் பூட்டணும். மடக்கினபடியே சுவத்துல சாய்ச்சு ஏறினா அடி வழுக்கிடும். நாலு காலும் தரையில படியணும், கழுவி விட்ட தரைன்னா ஈரம் காயட்டும். ஆடுற காலுக்கு அட்டையை மடிச்சு முட்டுக் கொடுக்கிற கெட்டிக்காரத்தனம் வேண்டாம். உச்சிப் படி நிக்கிறதுக்கு இல்லைங்க, அங்க பிடிச்சுக்க ஒண்ணுமே இருக்காது. ஒட்டடை ஒரு முழம் தள்ளி இருந்தா எட்டிப் பார்க்கத்தான் தோணும். உங்க தொப்புள் ஏணியோட ரெண்டு சட்டத்துக்கும் நடுவுல இருக்கிற வரைக்கும் சரி. தாண்டுதுன்னா இறங்கி ஏணியை நகர்த்துங்க.

அலுமினிய ஏணியில மின்சாரம் பாயும். பல்பு ஹோல்டர்ல கை வைக்கப் போறீங்கன்னா ஸ்விட்சை அணைச்சா பத்தாது, மெயினையே அணைங்க. பழைய வயரிங்ல ஸ்விட்சை நியூட்ரல்ல மாட்டியிருந்தா, அணைச்ச பிறகும் ஹோல்டர்ல கரண்ட் இருக்கும்.

பரண்தான் பெரிய தலைவலி. பித்தளை அண்டாவைத் தூக்கினா ரெண்டு கையும் போச்சு, ஏணியை எதால பிடிக்கிறது? கீழ ஒருத்தர் நின்னு வாங்கிக்கணும். எங்க அம்மாவுக்கு இதெல்லாம் தெரியும். ஆனா நாங்க காலேஜுக்கும் ஆபீசுக்கும் கிளம்பினப்புறம், தனியா இருக்கிறப்பதான் பரண்ல கை வைப்பாங்க. "உங்களை எதிர்பார்த்தா வேலை ஆகுமா"ன்னு கேள்வி வேற. நியாயமான கேள்விதான்.

அதனால இந்த ஞாயித்துக்கிழமை நான் மேல, தம்பி கீழ. மொத்தம் நாலு அண்டா இருக்கு.