சாரநாத்தில் ஒரு பகல்

காசிக்குச் செல்லும் நம்மவர்களில் பெரும்பாலோர் கங்கையில் நீராடி, விசுவநாதரையும் விசாலாட்சியையும் தரிசித்து, நீத்தார் கடன் முடித்து ஊர் திரும்பிவிடுகின்றனர். பத்துக் கிலோமீட்டர் தொலைவில், புத்தர்பிரான் முதல் அறவுரை நிகழ்த்திய சாரநாத் இருப்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. எம் தந்தையாரின் அஸ்தியைக் கங்கையில் கரைத்த மறுநாள், அன்னையாரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு நாங்கள் அங்குச் சென்றோம். "காரியத்துக்கு வந்த இடத்தில் ஊர் சுற்றலாமா?" என்று தயங்கிய அன்னையார், பேரப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து இசைந்தார்.

வழியில் சௌகண்டி என்னும் செங்கல் மேடு தென்படும். அதன் உச்சியிலுள்ள எண்கோண மண்டபம் பௌத்தருடையதன்று. ஹுமாயூன் வந்து சென்றதன் நினைவாக 1588 இல், அக்பர் காலத்தில் எழுப்பப்பட்டது.

சாரநாத்தின் இடிபாடுகள் பசும்புல் விரிந்த ஒரு பெருந்தோட்டமாகவே பேணப்படுகின்றன. அங்கே தர்மராஜிகா ஸ்தூபியின் வட்டமான அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது. அசோகர் எடுப்பித்ததாகக் கருதப்படும் அந்த ஸ்தூபியை, 1794 இல் காசியில் ஜகத்கஞ்சு என்னும் கடைவீதியைக் கட்டச் செங்கல் வேண்டிப் பிரித்தெடுத்தனர். உள்ளே ஒரு கற்பேழையும், அதனுள் பச்சைச் சலவைக்கல் சிமிழும், சிமிழில் சில எலும்புகளும் முத்துக்களும் கிடைத்தன. எலும்புகளைக் கங்கையில் இட்டுவிட்டார்கள்! அக்காலத்தில் காசியிலிருந்த ஜோனதன் டங்கன் என்ற ஆங்கில அதிகாரி எழுதி வைத்தமையால் இச்செய்தி நமக்குக் கிடைத்தது. கற்பேழை கல்கத்தா அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. சிமிழ் காணாமற் போயிற்று.

இதனை நாங்கள் சற்றுச் சினத்துடனேயே எடுத்துரைத்தோம். அன்னையார் நெடுநேரம் அந்த வட்டத்தையே பார்த்திருந்தார். பின்பு, "யாருடையது என்று தெரியாமலே கங்கையில் சேர்த்திருக்கிறார்கள். பெற்ற பிள்ளை செய்வதைத்தானே செய்தார்கள்?" என்றார். வரலாற்றுக்கு அது பேரிழப்பு என்பதே இன்றும் எங்கள் கருத்து. ஆயினும் முந்தின நாள் படகில் கலசத்தை மடியில் வைத்திருந்தவரிடம் அதைச் சொல்லி வாதிட எங்களுக்கு மனம் வரவில்லை.

நூறடிக்கும் மேல் உயர்ந்து நிற்கும் தாமேக் ஸ்தூபி அருகிலேயே உள்ளது. அதன் கீழ்ப்பகுதியைச் சுற்றிக் குப்தர் காலச் சிற்பிகள் கொடிகளையும் கட்டங்களையும் கல்லில் இழைத்திருக்கின்றனர். எம் மகள் அவற்றைக் கண்டதும், "பாட்டி, உங்கள் மார்கழிக் கோலம்!" என்று கூவினாள். பாட்டியும் பேத்தியும் கோட்டின் போக்கை விரலால் காற்றில் வரைந்து பார்த்தபடி ஒரு சுற்று வந்தனர்.

மூலகந்த குடி விகாரம் பழமையானதன்று. அநகாரிக தர்மபாலரின் முயற்சியால் 1931 இல் திறக்கப்பட்டது. சுவர்களில் புத்தர் வரலாற்றை ஜப்பானிய ஓவியர் கோசெட்சு நோசு தீட்டியுள்ளார். வெளியே நிற்கும் அரசமரம் இலங்கை அநுராதபுரத்திலிருந்து வந்த கன்று. அநுராதபுரத்து மரமோ, சங்கமித்திரை புத்தகயையிலிருந்து கொண்டு சென்ற கிளையில் தழைத்தது என்பது மரபு. கடல் கடந்து போய், இருபது நூற்றாண்டுகளுக்குப் பின் வழித்தோன்றலாய்த் திரும்பிவந்த மரம்! அன்னையார் செருப்பைக் கழற்றிவிட்டு மும்முறை வலம் வந்தார். "அடியில் ஒரு பிள்ளையார் இல்லையே" என்பது மட்டுமே அவர் கண்ட குறை.

பின்னர், தாய்லாந்துக் கோயிலின் தோட்டத்தில், 2011 இல் திறக்கப்பட்ட எண்பதடிப் புத்தர் சிலையின் முன்னே சிறிது இளைப்பாறினோம். மான்களைப் பார்த்தாலன்றி நகரமாட்டோம் என்று பிள்ளைகள் அடம்பிடித்ததில் ஒரு மணி நேரம் கழிந்தது.

எனவே அருங்காட்சியகத்துக்கு விரைய நேர்ந்தது. அசோகர் தூணின் உச்சியிலிருந்த சிங்கங்கள், 1905 இல் அகழ்ந்தெடுக்கப்பட்டவை, அங்கே உள்ளன. எம் மகன் சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து ஒப்பிட்டான். நாணயத்தில் மூன்று, கல்லில் நான்கு! முன்னின்று பார்ப்பவருக்கு நான்காவது மறைந்துவிடும். 1950 முதல் நம் அரசின் இலச்சினையாக விளங்குவது இதுவே. அன்பர்கள் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துச் செல்லுதல் நலம். அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.