குறைந்தது கொழுப்பு மட்டுமா?

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, எடையைக் குறையுங்கள் என்றார் மருத்துவர். சோற்றைப் பாதியாக்கினேன், தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடந்தேன். எடை மளமளவென்று இறங்கியது. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் தொப்பை அப்படியேதான் இருந்தது; தொடையும் புஜமும்தான் வற்றிப்போயின. காலி கேஸ் சிலிண்டரை வாசலுக்குத் தூக்கி வருவதற்குள் கை நடுங்கியது. தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை.

சாப்பாட்டைக் குறைத்தால் உடம்பு கொழுப்பை மட்டும் கரைப்பதில்லை. தசையையும் சேர்த்துக் கரைக்கிறது. நம்மவர்களுக்கு இது இன்னும் பெரிய நஷ்டம். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் தங்கள் உடம்பையே அளந்து, 2004இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3தான். ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2! ஒல்லியாகத் தெரிகிற இந்திய உடம்பிலும் கொழுப்பு கூடுதல், தசை குறைவு. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வதோ தசைதான். சர்க்கரைக்குப் பயந்து இளைக்கிறவர் தசையை இழப்பது, விதைநெல்லைக் குத்திச் சமைப்பது போல.

பக்கத்துத் தெரு ஜிம்மில் சேர்ந்தேன். "மொதல்ல பஸ்கி ஒழுங்கா வரட்டும் சார், அப்புறம் வெயிட் தொடலாம்" என்றார் பயிற்சியாளர். என் மகன் வயதுதான் இருக்கும். அவர் பொறுமைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். பஸ்கி, சுவரில் கையூன்றித் தண்டால், பிறகு டம்பெல். தட்டில் முட்டையும் சுண்டலும் கூடின. எடை பல வாரங்கள் அசையவில்லை. பெல்ட் மட்டும் தளர்ந்துகொண்டே போனது.

தசை ஏறினால் சும்மா இருக்கும்போதே கொழுப்பு கொட்டிவிடும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். ஒரு கிலோ தசை ஓய்வில் ஒரு நாளைக்குச் செலவழிப்பது சுமார் 13 கலோரிதான். பளு தூக்குவது அதற்காக அல்ல. தொடர்ந்து வேலை கொடுக்கப்படும் தசையை உடம்பு எளிதில் கைவிடாது, அதற்காகத்தான்.

வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைகளுக்கான பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடையை விடாதீர்கள். ரத்த அழுத்தமோ மூட்டுவலியோ இருந்தால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இளைக்கத் தொடங்கும் அன்றே பளுவையும் தொடங்கிவிடுங்கள். வீட்டுப் பெண்களையும் அழைத்துப் போங்கள். பளுப் பயிற்சி எலும்புக்கும் நல்லது; மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாகத் தேய்வது அவர்களுக்குத்தான்.