கியர் ஒயில் மாற்றும் காலம்

கொஸ்லந்தையிலிருந்து எந்தப் பக்கம் புறப்பட்டாலும் ஒன்றில் ஏற வேண்டும், அல்லது இறங்க வேண்டும். வெல்லவாய பக்கம் திரும்பினால் தியலும நீர்வீழ்ச்சியைக் கடந்து ஒரே இறக்கம். கடல் மட்டத்திலிருந்து 200 மீற்றர் அளவுக்கு வந்த பிறகுதான் வீதி நிமிரும். பெரகலை பக்கம் போனால் ஏற்றம். அங்கிருந்து 1,400 மீற்றருக்கும் மேலே இருக்கிற அப்புத்தளைக்கு இன்னும் ஏற்றம். பூனாகலை வழியாகப் பண்டாரவளைக்குப் போகிற வீதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கார் விளம்பரங்களில் வருகிற நேரான, வெறிச்சோடிய வீதி எங்களுக்குக் கிடையாது. ஆனாலும் அந்த வீதியில் ஓடும் கார்களுக்காகச் சொல்லப்பட்ட ஒரு வார்த்தை எங்கள் மலைக்கும் ஏறி வந்துவிட்டது: “ஓட்டோ கியர் காருக்குக் கியர் ஒயில் மாற்றவே தேவையில்லை.”

எங்கள் வீட்டில் இருப்பது ஜப்பானில் பாவித்து இங்கே இறக்குமதியான ஓட்டோ கியர் கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்படுவதற்குச் சற்று முன்னர் வாப்பா வாங்கியது. தனியார் வாகனங்களுக்கு அந்தத் தடை நீங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய கார்களின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் எங்கே போயின என்பது பெற்றோருக்குத் தெரியும். வாப்பாவின் கடைக்குச் சாமான் ஏற்றுவது அந்தக் கார்தான். அயலில் இரவில் யாருக்காவது சுகமில்லை என்றால் தட்டப்படுவதும் எங்கள் கதவுதான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்த பிறகு, மழை தொடங்கினால் ஓடக்கூடிய வாகனம் எந்தெந்த வீட்டில் நிற்கிறது என்று இங்கே எல்லாரும் மனக்கணக்கு வைத்திருக்கிறார்கள்.

தாத்தா தலைப்பிரசவத்துக்காக உம்மாவிடம் வந்திருந்தார். பதுளை ஆஸ்பத்திரிக்கு முதலில் மாதம் ஒரு முறை, பிறகு இரண்டு கிழமைக்கு ஒரு முறை போய்வர வேண்டியிருந்தது. பெரகலை ஏற்றத்தில் லொறி ஒன்றின் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு நாள்தான் நான் வாப்பாவிடம் கேட்டேன்.

“வாப்பா, கியர் ஒயில் எப்ப மாத்தின?”

“என்ஜின் ஒயில் போன மாசம்தானே மாத்தின.”

“அது என்ஜின் ஒயில். நான் கேக்கிற கியர்பொக்ஸ் ஒயில.”

“அது மாத்துற இல்ல மகள். நல்லா ஓடுற சாமான என்னத்துக்கு நோண்டுற?”

வாப்பா ஒருவர் சொன்னால் பரவாயில்லை. கடைக்கு வரும் வாகனக்காரர் எல்லாரும் இதையே சொன்னார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், ஒயில் மாற்றிய மறு கிழமையே கியர்பொக்ஸ் போய்விட்ட கதைகளும் சொன்னார்கள். அந்தக் கதைகள் பொய்யல்ல. ஆனால் அநேகமாக எல்லாக் கதைகளிலும் கியர் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் ஒயில் மாற்றியிருந்தார்கள். அதற்குள் உள்ளே இருக்கும் கிளச் தட்டுகள் தேய்ந்து முடிந்திருக்கும். தேய்ந்த தட்டைப் புது ஒயில் வளர்த்துத் தராது. கடைசி மூச்சில் நோயாளியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, ஆஸ்பத்திரிதான் கொன்றது என்பதைப் போன்ற கதை அது.

இந்த ஒயில் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் மலையில் அதன் பாடு விளங்கும். ஓட்டோ கியர் காரில் என்ஜினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவே டோர்க் கொன்வேட்டர் என்று ஒன்று இருக்கிறது. ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு மின்விசிறிகளை வைத்து ஒன்றை மட்டும் போட்டால், அதன் காற்றில் மற்றதும் சுற்றுமல்லவா? அங்கே காற்று செய்கிற வேலையை இங்கே ஒயில் செய்கிறது. அதோடு முடியவில்லை. கிளச் தட்டுகளை அழுத்திப் பிடித்து கியர் மாறச் செய்வதும், பற்சக்கரங்களுக்கு மசகிடுவதும், சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதுவேதான். ஏற்றத்தில் மெதுவாக, பாரத்தோடு போகும்போது முன்விசிறி வேகமாகச் சுற்ற, பின்விசிறி பின்தங்கும். அந்த வித்தியாசம் முழுவதும் ஒயிலில் சூடாக இறங்கும்.

வாகனத் துறையில் இதற்கு ஒரு கைக்கணக்கு சொல்வார்கள். ஏறத்தாழ 80 பாகை செல்சியஸில் ஓடும் ஒயிலுக்கு நீண்ட ஆயுள். அதற்கு மேலே ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் பாதியாகும். 90இல் பாதி, 100இல் கால், 110இல் அரைக்கால். நுணுக்கமான விஞ்ஞானம் என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் வீதிக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கை நான் காணவில்லை. சமதரையில் ஓடிய 50,000 கிலோமீற்றரும் பெரகலை ஏற்றத்தில் ஓடிய 50,000 கிலோமீற்றரும் மீற்றரில் ஒரே எண்ணாகத்தான் தெரியும். ஒயிலுக்கு அவை ஒன்றல்ல.

இடையில் ஒரு செய்தி, விஷயத்துக்குச் சற்று வெளியே என்றாலும் எனக்கு மறக்க முடியாதது. ஒரு காலத்தில் அமெரிக்காவில் இந்த ஒயிலில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் கொழுப்பெண்ணெயைக் கலந்தார்கள். சூட்டைத் தாங்கவும், கிளச் தட்டுகள் உதறாமல் பிடிக்கவும் அது உதவியது. 1970களின் தொடக்கத்தில் அந்த விலங்கைப் பாதுகாக்கச் சட்டம் வந்த பிறகு, கம்பனிகள் அதற்குப் பதிலாக வேறு இரசாயனங்களைத் தேட வேண்டியிருந்தது. திருகோணமலைக் கடலில் இன்றும் ஆட்கள் படகேறிப் போய்ப் பார்க்கிற அதே திமிங்கிலம்தான்.

சரி, எங்கள் காருக்கு வருகிறேன். காரோடு ஜப்பானிலிருந்து வந்த பராமரிப்புக் கையேடு, முன்பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கப்படாமல் கிடந்தது. ஜப்பான் எழுத்து யாருக்குத் தெரியும்? ஆனால் எண்கள் நம்முடைய எண்கள்தான். கைப்பேசியின் கமராவைப் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தேன். அட்டவணையில் இரண்டு நிரல்கள் இருந்தன. சாதாரணப் பாவனைக்கான நிரலில், கியர் ஒயிலுக்கு நேரே எதுவும் இல்லை. வாப்பாவும் மற்றவர்களும் சொல்வது அந்த வெற்றுக் கட்டத்தைத்தான். பக்கத்து நிரல் ‘கடுமையான பாவனை’. அதில் 100,000 கிலோமீற்றர் என்று இருந்தது. எது கடுமையான பாவனை என்பதற்குக் கீழே விளக்கமும் இருந்தது: கரடுமுரடான பாதை, ஓயாத குறுந்தூர ஓட்டம், ஓடுகிற தூரத்தில் நூற்றுக்கு 30 பங்குக்கு மேல் மலைவீதியும் ஏற்ற இறக்கமுமாக இருத்தல்.

நூற்றுக்கு 30! நாங்கள் வீட்டு வாசலில் இருந்தே நூற்றுக்கு நூறு. நான் வாசித்துக் காட்டினேன். வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தெரியாத அந்த எழுத்துகளை வெகுநேரம் பார்த்தார்.

மீற்றரில் அப்போது 96,000 இருந்தது. அந்த எண்ணையும் முழுதாக நம்ப முடியாது. பாவித்த கார்களின் மீற்றரைப் பின்னுக்குத் திருப்பி விற்பது உலகமெங்கும் நடக்கிறது. உம்மாதான் பேச்சை முடித்துவைத்தார்: “தாத்தாவ ஏத்திக்கொண்டு போற நேரம் மலைல நின்டுட்டா, மாத்துற இல்லண்டு சொன்ன ஆக்களா வந்து தள்ளுற?”

பண்டாரவளைப் பட்டறைக்கு நானும் போனேன். பாஸ் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். “தங்கச்சி கெம்பஸ்ல இதத்தான் படிக்கிறீங்களா?” என்றார். உயர்தரத்தில் தமிழ் இலக்கியம் என்றதும் சிரித்துவிட்டு, வடித்த ஒயிலில் ஒரு துளியை வெள்ளைக் கடதாசியில் விட்டுக் காட்டினார். புதிது செக்கச் சிவப்பு. எங்களுடையது சாயம் கூடிய பிளேன்டீ. “நிறத்த மட்டும் பாத்துப் பயப்பட வேணாம். மணந்து பாருங்க” என்றார். கருகல் மணம் இல்லை. அடித்தட்டில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை போல ஒட்டியிருந்தது வழமையான தேய்மானம் என்றார். உலோகச் சீவல்களாக இருந்திருந்தால் கதை வேறு.

அவர் செய்த முறையைப் பெற்றோர் கவனித்துக்கொள்வது நல்லது. நெடுநாள் மாற்றாத கியர்பொக்ஸை இயந்திரம் பூட்டி அழுத்தத்தில் கழுவ அவர் சம்மதிக்கவில்லை. படிந்திருப்பது கிளம்பி நுண்ணிய வழிகளை அடைத்துவிடலாம். கீழ் ஆணியைக் கழற்றினால் உள்ளே இருக்கிற ஒயிலில் பாதியளவுதான் வடியும், மீதி டோர்க் கொன்வேட்டரில் தங்கிவிடும். அதனால் வடிந்த அளவுக்குப் புதியது ஊற்றி, வடியையும் மாற்றி, 1,000 கிலோமீற்றர் ஓடிய பின் மறுபடி வடித்து ஊற்றினார். எந்த ஒயில் என்பதிலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கையேட்டில் உள்ள பெயரையே தேடி எடுக்கச் சொன்னார். சீ.வீ.டீ. வகைக் காருக்குச் சாதாரண ஏ.ரீ.எப். ஊற்றினால் உள்ளே உள்ள பட்டி வழுக்கிக் கெட்டுவிடும். இரண்டும் ஓட்டோ கியர்தானே என்று கடையில் மலிவாகக் கிடைத்ததை ஊற்றுவது சொந்தச் செலவில் சூனியம்.

அவர் சொன்னதில் இன்னொன்று. ரேடியேட்டருக்குள் குழாய் பழுதாகித் தண்ணீர் கலந்தால் ஒயில் பலூடா நிறத்துக்கு வந்துவிடும். அதைக் கண்டால் காரை ஸ்டார்ட் பண்ணவே கூடாது. இறக்கத்தில் டீ-யில் விட்டுவிட்டு பிரேக்கையே மிதித்துக்கொண்டு வரவும் கூடாது. 2இலோ எல்-லிலோ போட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். வெல்லவாய இறக்கத்தில் பிரேக் தீயும் மணம் பிடித்த எவருக்கும் அது விளங்கும்.

இப்போது கியர் மாறும்போது முன்பிருந்த சிறு உதறல் இல்லை என்கிறார் வாப்பா. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மாற்றியது அதற்காகவும் அல்ல. தாத்தாவுக்கு வலி வந்தது ஒரு மழை இரவில். அல்ஹம்துலில்லாஹ், மகன், இப்போது தவழ்கிறான்.

பாஸ் அந்த ஜப்பான் அட்டவணையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். எங்கள் மலைக்கு 100,000 வரை காத்திருக்க வேண்டாம், 40,000 நல்லது என்பது அவருடைய கணக்கு. அதைத் தன் கையாலேயே அடியில் சேர்த்து, பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார்.