மலை மேல பழி போடாதீங்க!

எங்க ஊர் சேத்தூர். ராஜபாளையத்துல இருந்து தென்காசி ரோட்டுல போனா வரும். மேற்கே நிமிர்ந்து பார்த்தா மேற்குத் தொடர்ச்சி மலை. எது நடந்தாலும் அந்த மலை மேல பழி போடுறது எங்க தெருவோட வழக்கம். சாயங்காலம் சீக்கிரம் இருட்டினாலும் மலை, மழை ஏமாத்தினாலும் மலை. டி.வி.யில படம் கட்டம் கட்டமா உடைஞ்சா... அதுக்கும் மலைதான்!

2020 ஜூலை. ஊரடங்கு நேரம். நான் பத்தாம் வகுப்பு. வீட்டுல இருந்த ஒரே ஸ்மார்ட்போன், காலையில அப்பாகூட மில்லுக்குக் கிளம்பிடும். ஆன்லைன் கிளாஸ் எல்லாம் எங்களுக்குக் கனவு. ஒரே ஆறுதல், 2019 ஆகஸ்ட்ல தமிழக அரசு ஆரம்பிச்ச கல்வித் தொலைக்காட்சி. அந்த ஜூலையில அட்டவணை போட்டுப் பாடங்களை ஒளிபரப்ப ஆரம்பிச்சாங்க. சில தனியார் சேனல்களிலும் அதே பாடங்கள் வந்துச்சு. நோட்டு, பேனாவோட டி.வி. முன்னாடி உட்கார்ந்தா, அதுதான் எனக்கு ஸ்கூல்.

அதே வாரம் ஆடி பிறந்துச்சு. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னா, எங்க மொட்டை மாடி டிஷ் எம்மாத்திரம்? கணக்கு கிளாஸ் ஓடிக்கிட்டு இருக்கும்போதே படம் உறைஞ்சு, 'நோ சிக்னல்'னு திரை கறுத்துப் போச்சு.

கஸ்டமர் கேருக்கு அடிச்சா பதிவு பண்ணின குரல் மட்டும். டிஷ் மாட்டின கடைக்காரர், "ஊரடங்கு முடியட்டும், பார்க்கலாம்"னுட்டார். "மலை மறைக்குதுடி, என்ன செய்ய?"ன்னு அம்மா பெருமூச்சு விட்டாங்க. ஊரடங்கு எப்ப முடியும்னு யாருக்கும் தெரியாது. அதுவரைக்கும் எனக்குப் பாடம் கிடையாது.

பக்கத்து வீட்டு அண்ணன் மில்லுல எலெக்ட்ரீஷியன். மாஸ்க் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னபடியே, "பாப்பா, செட்-டாப் பாக்ஸ் மெனுவுல சிக்னல் பக்கத்தைத் திற. ரெண்டு கோடு இருக்கும், படிச்சுச் சொல்லு"ன்னார். ஸ்ட்ரெங்த் எண்பதுக்கு மேல. குவாலிட்டி பூஜ்யம்.

"அப்போ ஒயர் நல்லா இருக்கு. டிஷ்தான் திரும்பிடுச்சு"ன்னார், மாடியைப் பார்க்காமலே!

இதுல மாயமந்திரம் இல்லை ஃப்ரெண்ட்ஸ். கோயில் திருவிழாவுல ரேடியோ செட் அலறும், ஆனா யார் என்ன பேசுறாங்கன்னே புரியாது இல்லையா? அந்த அலறல்தான் ஸ்ட்ரெங்த். பேச்சு புரியுறது குவாலிட்டி. டிஷ் முன்னாடி கம்பியில நீட்டிக்கிட்டு இருக்கே, அந்த எல்.என்.பி. வேலை செஞ்சாலே ஸ்ட்ரெங்த் கோடு ஏறிடும். வெறும் இரைச்சலையும் அது அள்ளிக்கிட்டு வரும். சரியான சேட்டிலைட்டைப் பார்த்தா மட்டும்தான் குவாலிட்டி ஏறும். ரெண்டுமே பூஜ்யம்னா ஒயர், கனெக்டர், எல்.என்.பி. மூணுல ஒண்ணு காலி.

அண்ணனும் நானும் மாடி ஏறினோம். "பொம்பளைப் புள்ளைக்கு அங்க என்ன வேலை?"ன்னு கேட்ட அத்தைக்கு தாத்தாதான் பதில் சொன்னார்: "படிக்கப் போகுது!" அவர் டி.வி. முன்னாடி நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டார்.

பக்கத்து மாடியிலும் எங்க கம்பெனி டிஷ்தான். அது பார்க்கிற திசையை ஒப்பிட்டா, எங்களோடது லேசா தெற்கே திரும்பி இருந்துச்சு. போல்ட்டை லேசா தளர்த்தி, ஒரு நூல் திருப்பிட்டு, பத்து செகண்ட் காத்திருக்கணும். பாக்ஸ் சிக்னலைப் பிடிக்க அவ்வளவு நேரம் வேணும். அவசரப்பட்டா சரியான இடத்தைத் தாண்டிப் போயிடுவோம். கீழே இருந்து தாத்தா குரல்: "பூஜ்யம்... பூஜ்யம்... ஏலே, அறுபது! நிறுத்து, நிறுத்து!"

அன்னைக்கு ராத்திரி தாத்தா பழைய கதை சொன்னார். அவர் காலத்துல மீன் முள்ளு மாதிரி ஆன்டெனா. கொடைக்கானல் தூர்தர்ஷன் டவரைப் பார்த்து வடக்கே திருப்பி வைப்பாங்களாம். "அப்போ புள்ளி புள்ளியாவாவது மூஞ்சி தெரியும். இப்போ வந்தா கண்ணாடி மாதிரி, இல்லைன்னா ஒண்ணுமே இல்லையே, ஏன்?"னு கேட்டார். எனக்கு அப்போ பதில் தெரியலை.

இப்போ காலேஜ்ல ஈ.சி.ஈ. படிக்கிறதால தெரியுது. அனலாக்ல சிக்னல் குறையக் குறையப் படமும் கொஞ்சம் கொஞ்சமா மங்கும். டிஜிட்டல்ல படம் பூஜ்யமும் ஒண்ணுமா வருது. ஓரளவு பிழை வந்தா பாக்ஸே திருத்திக்கும். அந்த அளவைத் தாண்டினா திருத்த முடியாது. முதல்ல கட்டம் கட்டமா உடையும், அப்புறம் திரை கறுப்பு. நடுவுல நிக்க இடம் கிடையாது.

சேட்டிலைட் பேப்பர் வந்தப்போ எங்க மாடிக்கே கணக்கு போட்டுப் பார்த்தேன். டி.டி. ஃப்ரீ டிஷ் வர்ற ஜிசாட்-15, பூமத்திய ரேகைக்கு மேல சுமார் 36,000 கி.மீ. உயரத்துல, 93.5 டிகிரி கிழக்கு தீர்க்கரேகையில நிக்குது. நம்ம ஊர் ஏறக்குறைய 77.5. அப்படின்னா டிஷ் பார்க்க வேண்டியது கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவுல, கிட்டத்தட்ட 68 டிகிரி உயரத்துல. மத்த டி.டி.எச். கம்பெனி சேட்டிலைட்டுகளும் நமக்குக் கிழக்கேதான். மலையோ மேற்கே. பாவம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை! மறைக்கணும்னா கிழக்கே வளர்ந்த தென்னையும் மாமரமும்தான் மறைக்கும். 60 செ.மீ. டிஷ்ஷோட பார்வை மூணு டிகிரி அகலம்தான். அதான் ஆடிக் காத்து லேசாத் தள்ளினாலே ஆட்டம் குளோஸ்.

ஐப்பசி மழையில அடுத்த பிரச்னை. பாதி சேனல் வருது, பாதி வரலை. பாக்ஸ் 13 வோல்ட், 18 வோல்ட்னு மாத்தி மாத்தி அனுப்பித்தான் எல்.என்.பி.யை ரெண்டு விதமான சிக்னலுக்கும் மாத்துது. எல்.என்.பி. பக்கம் கனெக்டர்ல தண்ணி இறங்கித் துரு பிடிச்சிருந்துச்சு. ஒயரை ஒரு அங்குலம் நறுக்கி, புது கனெக்டர் போட்டு, டேப் சுத்தினோம். அதுக்கு முன்னாடி ஒயரை ஒரு வளைவா தொங்க விட்டோம். தண்ணி அதுலயே சொட்டிடும், கனெக்டருக்குள்ள போகாது.

அந்த வருஷம் பத்தாவதுக்குப் பப்ளிக் எக்ஸாமே நடக்கலை, ஆல் பாஸ். "இதுக்கா மாடி ஏறின?"ன்னு அத்தை சிரிச்சாங்க. ஆனா, டி.வி.யில படிச்ச அல்ஜீப்ராதான் ப்ளஸ் ஒன்ல என்னைக் காப்பாத்துச்சு.

உங்க வீட்டுலயும் படம் உடையுதா? கொட்டுற மழைன்னா அரை மணி நேரம் சும்மா இருங்க. ரெண்டரை செ.மீ. அலைநீள சிக்னலைப் பெருமழை குடிச்சிடும், மழை விட்டதும் தானா வந்துடும். மழை இல்லாமலும் போச்சுன்னா, முதல்ல அந்த ரெண்டு கோட்டைப் பாருங்க. கனெக்டரைத் தொடுறதுக்கு முன்னாடி பாக்ஸ் பிளக்கைப் பிடுங்குங்க. இடி இடிக்கும்போது மாடிப் பக்கமே போகாதீங்க. கைப்பிடிச் சுவர் இல்லாத மாடின்னா, விவரம் தெரிஞ்ச ஆளுக்காகக் காத்திருங்க.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்போ இன்னொரு வேலையும் பண்ணுங்க. ரிமோட்ல அந்த சிக்னல் பக்கத்தை எப்படித் திறக்கிறதுன்னு அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்துட்டு ஹாஸ்டலுக்குக் கிளம்புங்க. "மலை மறைக்குது"ன்னு போன் வராது. "குவாலிட்டி பூஜ்யம்டி, டிஷ் திரும்பிடுச்சு"ன்னு வரும்!