டவர் மாறினாலும் அறுபடாத பேச்சு

ஓடும் ரயிலில் ஒருவர் போனில் பேசிக்கொண்டே போகிறார். வழியில் எத்தனையோ டவர்கள் வந்து போகின்றன. பேச்சு மட்டும் அறுவதில்லை. அழைப்பை ஒரு டவரிடமிருந்து வாங்கி அடுத்ததிடம் ஒப்படைக்கும் இந்த வேலையைப் பொறியாளர்கள் ஹேண்டோவர் என்கிறார்கள். இதை முதலில் யோசித்தவர் யார்? செல்போன் என்றதும் மார்ட்டின் கூப்பரின் பெயர் வந்துவிடும். 1973இல் நியூயார்க் தெருவில் நின்று கையடக்கப் போனில் பேசிக் காட்டியவர் அவர். ஹேண்டோவரோடு சேர்த்துச் சொல்ல எனக்கு ஒரு பெயரும் தெரியவில்லை. அதனால்தான் பழைய காப்புரிமைகளையும் பெல் ஆய்வகத்தின் வரலாற்றையும் புரட்டத் தொடங்கினேன்.

முதல் தடயம் 1947 டிசம்பர் 11 தேதியிட்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் ரிங் என்பவர், ரே யங்கின் துணையோடு, அலுவலகத்துக்குள் சுற்றுக்கு விட்ட ஒரு குறிப்பு அது. அதற்கு முந்தைய ஆண்டுதான் செயின்ட் லூயிஸ் நகரில் கார் போன் சேவை தொடங்கியிருந்தது. ஊர் முழுவதற்கும் உயரமான ஒரே ஆண்டெனா, விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சேனல்கள். அவற்றில் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் காத்துக் கிடக்க வேண்டியதுதான். ரிங் இதற்கு வழி சொன்னார். ஊரை அறுகோணக் கட்டங்களாகப் பிரிக்கலாம். கட்டத்துக்கு ஒன்றாக வலுக்குறைந்த நிலையங்களை வைக்கலாம். தள்ளியிருக்கும் கட்டங்களில் அதே அலைவரிசையை மறுபடி பயன்படுத்தலாம். இன்று 'செல்' என்பது அந்தக் கட்டம்தான்.

கட்டம் சிறுத்தால் கார் அதைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். பேச்சின் நடுவிலேயே நிலையமும் மாற வேண்டும், அலைவரிசையும் மாற வேண்டும். வண்டி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, பேசுபவருக்குத் தெரியாமல் லைனை மாற்றித் தரும் கருவி அன்று எவரிடமும் இல்லை. தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகள், அதாவது இணைப்பகங்கள், ரிலேக்களில் ஓடிக்கொண்டிருந்த காலம். ரிங்கின் குறிப்புக்கு ஐந்தே நாள் கழித்து, அதே பெல் ஆய்வகத்தின் வேறொரு வளாகத்தில், அந்தக் கருவிக்கு அடிப்படையாகப்போகும் முதல் டிரான்சிஸ்டர் வேலை செய்தது. கட்டளை நிரல்படி ஓடும் மின்னணு எக்ஸ்சேஞ்ச் நியூஜெர்சியின் சக்கசன்னாவில் சேவைக்கு வந்தபோது ஆண்டு 1965. யோசனை தயாராக இருந்தும் அதற்கேற்ற கருவி பிறக்க அத்தனை காலம் பிடித்தது.

நான் எதிர்பாராத அடுத்த தடயம் ஒரு ரயிலில் கிடைத்தது. 1969 ஜனவரியில் நியூயார்க்குக்கும் வாஷிங்டனுக்கும் இடையே ஓடிய மெட்ரோலைனர் ரயில்களில் காசு போட்டுப் பேசும் போன்களை வைத்தார்கள். 225 மைல் வழித்தடத்தை ஒன்பது மண்டலங்களாகப் பிரித்து, ஆறே சேனல்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். ரயில் மண்டலம் தாண்டும்போது அழைப்பையும் அடுத்த மண்டலத்துக்கு மாற்றிவிட்டது பிலடெல்பியாவில் இருந்த கணினி மையம். தண்டவாளத்தில் போகும் ரயில் அடுத்து எங்கே வரும் என்பது முன்கூட்டியே தெரியும். இஷ்டத்துக்குத் திரும்பும் காருக்கு அந்த முறை போதாது.

அதற்கான விடை அமெரிக்கக் காப்புரிமை எண் 3,663,762இல் இருந்தது. 1970 டிசம்பரில் விண்ணப்பித்து 1972 மே மாதம் பெற்றது. பெயர்: ஏமஸ் ஜோயல். நான் தேடிய பெயர் இதுதான். அவர் ரேடியோத் துறைக்காரர் அல்லர். 1940இல் பெல் ஆய்வகத்தில் சேர்ந்து எக்ஸ்சேஞ்ச் வேலையில் ஊறியவர். எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்குப் போனாலும் அழைப்பு தொடர வேண்டுமானால், நிலையங்களுக்குப் பின்னால் இருக்கும் இணைப்பகம் எப்படி இயங்க வேண்டும் என்று அவர் வகுத்துக் கொடுத்தார். 1983 அக்டோபரில் சிகாகோவில் அமெரிக்காவின் முதல் வணிக செல்போன் சேவை தொடங்கியது. அதில் சிக்னலை அளந்தது நிலையங்கள், முடிவெடுத்தது மைய இணைப்பகம். சொன்ன சேனலுக்கு மாறுவது மட்டுமே போனின் வேலை.

1991இல் பின்லாந்தில் சேவைக்கு வந்த ஜி.எஸ்.எம். என்ற செல்போன் தொழில்நுட்பம் அந்த ஏற்பாட்டை மாற்றியது. அதில் நேரம் எட்டு எட்டுத் துண்டுகளாக நறுக்கப்பட்டிருக்கிறது. ஒரு துண்டில் போன் அனுப்புகிறது, இன்னொன்றில் வாங்குகிறது. மிச்ச நேரத்தில் அக்கம்பக்கத்து டவர்களின் சிக்னலை அளக்கிறது. அவற்றில் பலமான ஆறின் அளவை 480 மில்லிநொடிக்கு ஒருமுறை தன் டவருக்கு அனுப்புகிறது. நாம் பேசிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் இந்த வேலை நடந்துகொண்டே இருக்கிறது.

பக்கத்து டவர் சற்றுப் பலமானதும் தாவிவிடலாமே என்று தோன்றும். இரண்டு டவரின் எல்லையில் சிக்னல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். உடனுக்குடன் மாறினால் அழைப்பு இங்குமங்கும் பந்தாடப்படும். தாமதித்தால் லைன் அறுந்துபோகும். ஆகவே 4ஜியில் இரண்டு நிபந்தனைகள் வைத்திருக்கிறார்கள்: பக்கத்து டவர் குறிப்பிட்ட அளவு, உதாரணமாக 3 டெசிபல், கூடுதலாக இருக்க வேண்டும், அந்த நிலை குறிப்பிட்ட நேரம், உதாரணமாக 320 மில்லிநொடி, நீடிக்க வேண்டும். நெடுஞ்சாலைக்குப் பொருந்தும் அளவு நெரிசலான கடைத்தெருவுக்குப் பொருந்தாது. இந்த எண்களை இடத்துக்கு ஏற்றபடி திருத்துவதே நெட்வொர்க் பொறியாளர்களின் அன்றாட வேலை.

5ஜி இன்னும் ஒரு படி போயிருக்கிறது. மாறு என்ற கட்டளை வரும் நேரத்தில் பழைய டவரின் சிக்னலே மங்கியிருந்தால் அந்தக் கட்டளை போனுக்கு எட்டாது. அதனால் 2020இல் முடிவான ரிலீஸ் 16 தரநிர்ணயத்தில், சிக்னல் நன்றாக இருக்கும்போதே எந்தெந்த டவருக்கு, எந்த நிலையில் மாறலாம் என்று போனிடம் சொல்லிவைக்க வழி செய்தார்கள். நேரம் வந்ததும் போன் தானே மாறிக்கொள்ளும். பிலடெல்பியா மையத்தில் இருந்த முடிவு நம் கையிலிருக்கும் போனுக்கே வந்து சேர்ந்துவிட்டது.

ஜோயலுக்கு 1989இல் கியோட்டோ பரிசு கிடைத்தது, 2008இல் மறைந்தார். செல்போனின் கதையை நாம் கருவியின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். கூப்பரின் கையிலிருந்த போன் நகரம் முழுவதும் துண்டிக்கப்படாமல் பேச ரிங்கின் கட்டங்களும் ஜோயலின் இணைப்பகமும் வேண்டியிருந்தன. பள்ளிப் பாடத்தில் கூப்பரின் பெயரை எழுதும் இடத்தில் இந்த இருவரின் பெயர்களையும் எழுதுவதுதான் நியாயம்.