எங்கள் வீட்டு ஜீப்பின் மூலபாடம்

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்து பழகியவர்களுக்கு, அங்கே வீடு என்பது தறியைச் சுற்றி எழுப்பிய சுவர்கள்தாம் என்பது தெரிந்திருக்கும். எங்கள் வீட்டின் முன்கூடத்திலும் இரண்டு தறிகள் இருந்தன. ஆனால் தெருவில் வேறெந்த வீட்டிலும் இல்லாத ஒன்று எங்கள் பக்கச் சந்தில் கிடந்தது. தார்ப்பாய் போர்த்திய ஒரு ஜீப். 2004 முதல் 2022 வரை பதினெட்டு ஆண்டுகள் அது அசையவில்லை. பூனை அதற்குள் தலைமுறை தலைமுறையாகக் குட்டி போட்டது. அம்மா அதன் கம்பியில் கொடிக்கயிற்றைக் கட்டித் துணி உலர்த்தினார். நாங்கள் இருவர், மூத்தவர் கல்லூரியில் தமிழ் நடத்துபவர், இளையவர் சரிகைக் கடையில் கணக்கு எழுதுபவர். அதைக் கடந்து போகும்போதெல்லாம் ‘இந்த வருஷம் பார்த்துவிடலாம்’ என்று சொல்லிக்கொள்வோம். அப்பா 2005-இல் மறைந்தார். அதற்குப் பிறகும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

தாத்தா அதை 1964-இல் வாங்கினார். பட்டு நூலும் சரிகையும் கொடுத்து, நெய்த சேலையைக் கூலி தந்து திரும்பப் பெறும் சிறு முதலாளி அவர். பாலாற்றுக்கு அப்பாலுள்ள சிற்றூர்களிலும் அவருக்குத் தறிகள் ஓடின. மழைக்காலத்து ஏரிக்கரைச் சேற்றிலும், கோடைக்காலத்து ஆற்று மணலிலும், நான்கு சக்கரங்களும் இழுக்கிற வண்டியால் மட்டுமே போய்வர முடிந்தது. பாவு நூலை நனையாமல் கொண்டு சேர்ப்பதற்காகவே அவர் ஜீப் வாங்கினாராம்.

வண்டியின் குலவரலாற்றையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். 1945-இல் எஃகு வணிகத்துக்காக ‘மகிந்திரா அண்டு முகமது’ என்ற பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கியது. பங்குதாரர்களில் ஒருவரான குலாம் முகமது, பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். 1948-இல் நிறுவனம் ‘மகிந்திரா அண்டு மகிந்திரா’ ஆயிற்று. அமெரிக்க வில்லிஸ் நிறுவனத்தின் உரிமம் பெற்று பம்பாயில் ஜீப்புகளை உருவாக்கத் தொடங்கியது. எங்களுடையது சி.ஜே.3பி என்னும் வகை. அமெரிக்காவில் 1953-இல் வந்த இவ்வகைக்கு முன்மூடி வழக்கத்தை விட உயரம். உள்ளே இருந்த ‘ஹரிக்கேன்’ பெட்ரோல் எஞ்சினில் உறிஞ்சும் வால்வு மேலே தலைப்பகுதியிலும், புகை வெளியேறும் வால்வு பக்கவாட்டிலும் அமைந்திருந்தன. அதனால் எஞ்சின் உயர்ந்தது. எஞ்சினுக்காக மூடியும் உயர்ந்தது. அமெரிக்காவில் 1968-இல் இதன் உற்பத்தி நின்றுவிட்டது. இங்கே அதன் பிறகும் பல ஆண்டுகள் இந்த வடிவம் தொடர்ந்தது.

1982-இல் தாத்தா மறைந்தார். அடுத்த ஆண்டே அப்பா பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றினார். அந்த நாளில் பலரும் செய்ததுதான். பெட்ரோல் விலை கட்டுப்படியாகவில்லை. டிராக்டர் வழிவந்த 2350 சி.சி. டீசல் எஞ்சின் எங்கள் ஜீப்புக்குள் வந்தது. அது கனம் மிகுந்தது, ஆட்டமும் மிகுந்தது. சட்டம் விரிசல் விடாமலிருக்க இருபுறமும் இரும்புத் தகடு வைத்து அப்பா பற்றவைத்தார். பழைய எஞ்சினை யாரோ கிணற்றில் நீர் இறைக்க வாங்கிப் போனார்கள்.

2022 தை மாதத்தில் ஒருவழியாகத் தார்ப்பாயை விலக்கினோம். எங்களுக்கு உதவ வந்தவர் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர். தெருவே அவரை ‘பாய்’ என்றுதான் அழைக்கும். அவர் செய்த முதல் வேலை, எங்களைச் சாவியின் பக்கமே போகவிடாமல் தடுத்தது. “பதினெட்டு வருஷம் தூங்கினவனை உதைச்சா எழுப்புவீங்க, வாத்தியாரே?” என்று கேட்டார். பிஸ்டன்கள் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும் நிலையில் ஸ்டார்ட்டரை இயக்கினால் வளையங்கள் நொறுங்கும். இன்ஜெக்டர்களைக் கழற்றி, அந்தத் துளைகள் வழியே டீசலும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றினார். மூன்று நாள் காத்திருந்தோம். நான்காம் நாள் இருவர் சேர்ந்து கைப்பிடியைச் சுழற்றியபோது, அது கால்வட்டம் திரும்பியது. அன்று எங்கள் வீட்டில் கேசரி கிண்டினார்கள்.

எல்லாம் அப்படி இனிதாக நடக்கவில்லை. இடப்பக்கச் சக்கரத்தின் நட்டு எவ்வளவு முயன்றும் கழலவில்லை. குழாயை மாட்டி, நாங்கள் இருவரும் அதன் மேல் ஏறி நின்று அழுத்தியதில் இரண்டு போல்ட்டுகள் முறிந்தன. இடப்பக்கத்து நட்டுகளுக்கு மறை எதிர்த்திசையில் இருக்கும் என்பது, அதாவது ‘லெப்ட் திரெட்’ என்பது, அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. சக்கரம் சுழலும் வேகத்தில் நட்டு தானே தளர்ந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அவிழ்ப்பதாக நினைத்துக்கொண்டு அரை மணி நேரம் இறுக்கியிருக்கிறோம். டீசல் தொட்டியிலிருந்து கஷாயம் போல ஒன்று வந்தது. பிரேக் சிலிண்டர்கள் நான்கும் இறுகிக் கிடந்தன. இளையவர் விடுமுறை தோறும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கும் புதுப்பேட்டைக்கும் போய்ப் பையும் கையுமாகத் திரும்புவார்.

துரு சுரண்டும் வேலையை மட்டும் எங்கள் விருப்பப்படி செய்ய முடியவில்லை. காலையில் எங்கள் தெருவில் பாவு விரிப்பார்கள். தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிய பட்டு இழைகள் கஞ்சி தோய்ந்து வெயிலில் உலரும். ஈரப் பட்டின் மேல் ஒரு பொட்டுத் துருத்தூள் விழுந்தாலும் கறைதான். ஒருவரின் பல நாள் உழைப்பு போய்விடும். ஆகவே பாவைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போன பிறகே அரைக்கும் இயந்திரத்தை முடுக்குவோம். வண்ணம் தெளிப்பதை மழைக்கால மாலைகளுக்கு ஒத்திவைத்தோம். வேலை ஆறு மாதத்தில் முடியாமல் இரண்டு ஆண்டுகள் இழுத்ததற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம், நாங்களே.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனி விதி கொண்டுவந்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். எண்பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். கட்டணம் 20,000 ரூபாய்; பத்தாண்டுக்குச் செல்லும். ஆனால் வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். சட்டத்திலோ கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. எங்கள் வண்டியில் சட்டத்துக்கு அப்பா தகடு வைத்திருந்தார், எஞ்சினையும் மாற்றியிருந்தார்.

இளையவர் ஒரு திட்டம் சொன்னார். டீசல் எஞ்சினை இறக்கிவிடுவது. தகடுகளை அறுத்துத் தேய்த்துவிடுவது. பழைய ஜீப்புகளுக்குப் பேர்போன அரியானாவின் டப்வாலியிலிருந்து ஒரு ஹரிக்கேன் எஞ்சினை வரவழைத்துப் பொருத்துவது. “தாத்தா வாங்கினபடி நிக்கணும்” என்றார். மூத்தவர் முதலில் உற்சாகமாகவே தலையாட்டினார். மூலபாடத்தைத் தேடுவதுதானே தமிழ் படித்தவனின் வேலை என்று அதற்கு ஒரு விளக்கமும் கொடுத்தார்.

அந்த விளக்கமே பிறகு அவரை உறுத்தியது. உ.வே.சாமிநாதையர் 1894-இல் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாட்டுகள் கிடைக்கவில்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. இன்றும் எண்கள் மட்டுமே நிற்கின்றன, பாட்டில்லை. சங்கப் பாட்டின் நடையில் இரண்டு எழுதிச் சேர்க்கக்கூடிய புலமை அக்காலத்தில் பலருக்கு இருந்திருக்கும். எவரும் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் அதன் பெயர் இடைச்செருகல். யாரோ ஒருவரின் ஜீப்பிலிருந்து கழற்றிய எஞ்சினை இங்கே வைத்து, ‘இது 1964’ என்று சொல்வதற்கு வேறு என்ன பெயர்? அப்பா செய்த மாற்றமாவது அன்றைக்கே பதிவுப் புத்தகத்தில் ஏறியிருந்தது.

இதைச் சொன்னதும் சண்டை மூண்டது. “உனக்கு எல்லாத்துக்கும் ஒரு பாட்டு இருக்கு. பணம் போடுறது நான்” என்றார் இளையவர். அது உண்மையும்கூட. மூன்று வாரம் எங்களுக்குள் பேச்சில்லை. வண்டி முக்காலியில் தொங்கிய எஞ்சினும் வெறும் சட்டமுமாக வேப்பமரத்தடியில் நின்றது. ‘எடைக்குப் போட்டுவிடலாம்’ என்ற பேச்சும் அந்த நாட்களில்தான் முதன்முதலாக எழுந்தது.

அம்மா அதுவரை எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் துணி உலர்த்த இடமில்லாமல் வாளியோடு வந்து நின்றவர், எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்: “உங்க தாத்தா வாங்கின வண்டி அவரு இருந்தவரைக்கும் ஓடுச்சு. அதுக்கப்புறம் ஓடினது உங்கப்பா வண்டி. நீங்க எந்த வண்டியைச் சரி பண்றீங்கன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க.”

பிறகு இளையவர் பிறந்த இரவைப் பற்றிச் சொன்னார். 1985-ஆம் ஆண்டு அடைமழை. தெருவில் முழங்காலளவு தண்ணீர். அப்பா அம்மாவை இந்த ஜீப்பில்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். வழியில் எத்தனையோ வண்டிகள் நின்றுபோயிருந்தன. அந்தக் கதையைப் பலமுறை கேட்டிருக்கிறோம். அன்றைக்குத்தான் அதிலுள்ள ஒரு நுட்பம் எங்களுக்குப் பட்டது. பெட்ரோல் எஞ்சினுக்கு மின்பொறி வேண்டும். கம்பியில் தண்ணீர் தெறித்தால் பொறி அடங்கி வண்டி நின்றுவிடும். டீசல் எஞ்சின் அழுத்தத்தின் சூட்டிலேயே எரிபவை. அவற்றுக்குப் பொறி வேண்டாம். தாத்தாவின் எஞ்சின் அன்றிரவு பாதி வழியில் நின்றிருக்கலாம். அப்பாவினுடையது போய்ச் சேர்ந்தது.

நாங்கள் இருவருமே தாத்தாவின் பெட்ரோல் ஜீப்பை அறிந்தவர்கள் அல்லர் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது இறக்கப்பட்டபோது மூத்தவருக்கு மூன்று வயது. 1979-இல் அத்தி வரதர் குளத்திலிருந்து எழுந்தருளியபோது, ஆற்றுக்கு அப்பாலிருந்து உறவினர்களை நடை நடையாக ஏற்றிவந்த வண்டி அது என்று கேள்விதான். 2019-இல் அவர் மீண்டும் வெளிவந்து 48 நாள் காட்சி தந்தபோது ஜீப் தார்ப்பாய்க்குள் கிடந்தது. எங்களுக்கு வாய்க்காத ஒன்றை மீட்பதற்காக, வாய்த்த ஒன்றை அறுத்தெறியப் பார்த்தோம்.

பக்கத்து வீட்டு முதியவர் ஒருவர் அறுபதாண்டு தறியில் இருந்தவர். கூடாரத் துணி தைக்க உதவினார். ஒரு பாவு முடியும்போது அதன் வால் இழைகளை அச்சிலும் விழுதிலும் கோத்தபடியே விட்டுவைப்பார்கள். புதிய பாவின் இழைகளை ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றாக, அந்த நுனிகளோடு பிணைப்பார்கள். “பழச அறுத்துப்புட்டா புதுச எதுல புடிக்கிறது?” என்று, எங்கள் வழக்கு இன்னதென்று முழுவதும் தெரியாமலே அவர் கேட்டார்.

டீசல் எஞ்சினே மீண்டும் ஏறியது. அப்பாவின் தகடுகளைத் துரு நீக்கி அப்படியே விட்டோம். பற்றவைப்பின் தழும்புகள் வண்ணத்தின் கீழ் இப்போதும் தடவினால் தெரியும். ‘வி.ஏ.’ எழுத்துகள் எங்களுக்கு இல்லை. வழக்கமான தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோய், ஐந்தாண்டுக்குப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டோம்.

2024 தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செவிலிமேட்டருகே பாலாற்று மணலில் இறக்கினோம். முன்சக்கரங்களுக்கான நெம்புகோலை இளையவர் தள்ளினார். பற்கள் உரசி, ஒரு கணம் தயங்கி, பிடித்துக்கொண்டன. பின்னிருக்கையில் பாயும் அம்மாவும் இருந்தார்கள். வண்டி மணலில் ஊர்ந்து ஏறியபோது அம்மா கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு, “சத்தம் அப்படியேதான் இருக்கு” என்றார்.

கொடிக்கயிற்றை இப்போது வேப்பமரத்தில் கட்டியிருக்கிறோம்.